மூன்று வழி, இரண்டு கோயில்!

"மாமா, இந்த ஊர்ல பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகன் இந்தக் கேள்வியைக் கேட்டது, புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் அவன் ஊரைப் பார்க்கவே இல்லை. மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன், பக்கத்தில் முறுக்கு டப்பா. கூப்பிட்டால் பதில் வராது. தட்டை மூக்குக்கு நேரே நீட்டினால் கை மட்டும் வரும்.

"அப்படி என்னடா மாப்ளே படம்?" என்று எட்டிப் பார்த்தேன்.

"படம் இல்ல மாமா, கேம்."

நம்ப முடியவில்லை. திரையில் ஒரு பெண் கண் கலங்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். பின்னணியில் இசை உருகுகிறது. காமிரா அவள் முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. 2023ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' என்றான். ரோல் ப்ளேயிங் கேமாம். கதையில் நாமே ஒரு பாத்திரம். அந்தப் பெண் பேசி முடித்ததும் கீழே நாலைந்து பதில்கள் வருகின்றன. நாம் எதைச் சொல்கிறோமோ அதைப் பொறுத்துக் கதை திரும்பும்.

"சண்டை கிடையாதா?"

"உண்டு மாமா. ஆனா பேச்சுதான் ஜாஸ்தி. தப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டா அப்புறம் ரொம்ப நாளைக்குக் கஷ்டம்."

"இதற்கு லேப்டாப் எதற்கு? கல்யாணம் பண்ணிக்கொண்டால் போதுமே" என்றேன். சமையலறையில் ஒரு பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்பட்டது.

பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னேன்: "இதைவிடப் பழைய கேம் ஒன்று நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. மூன்று வழி பிரியும். ஒரு வழியில் குகை, கேள்வி கேட்கும் தெய்வம். இன்னொரு வழியில் ஆளை மயக்கும் வனதேவதை. வர்றியா?"

பையன் ஹெட்போனைக் கழற்றினான். "கிராபிக்ஸ் எப்படி இருக்கும்?"

"கிராபிக்ஸே கிடையாது."

முகம் சுருங்கிற்று. ஆனாலும் பைக் ஓட்டலாம் என்றதும் கிளம்பிவிட்டான். வாசல் திண்ணையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கி நாலு வருஷமாகிறது. இனி இவ்வளவுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பாள்.

"எங்கேடா ரெண்டு பேரும்?"

"கொடும்பாளூர் அம்மாச்சி!"

"வானதி ஊரா? போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லணும்" என்றாள்.

*

புதுக்கோட்டையிலிருந்து கொடும்பாளூர் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் இருக்கும். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை என்று போகவேண்டும். போகிற வழியில் சித்தன்னவாசலைப் பார்க்காமல் போனால் பாவம் சேரும் என்பதால் முதலில் அங்கே நிறுத்தினோம்.

மலையைக் குடைந்த சின்னக் கோயில். சமணர்களுடையது. உள்ளே கூரையில் ஒரு தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்த சேதி அங்கேயே கல்வெட்டாக இருக்கிறது. குளத்தில் தாமரை, மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். தூண்களில் ஆடும் பெண்கள். எல்லாம் இருக்கிறது... ஆனால் முழுதாக இல்லை. இங்கே ஒரு கை, அங்கே பாதி இலை. நடுநடுவே வெறும் சுண்ணாம்பு.

பையன் கழுத்தை ஒடித்துக்கொண்டு மேலே பார்த்தான். "என்ன மாமா, பாதிதான் லோட் ஆகியிருக்கு?"

"ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் முழுசா லோட் ஆச்சு. இப்போ திரும்ப இறங்கிக்கிட்டிருக்கு."

சிரித்தான். ஆனால் உடனே வெளியே வரவில்லை. ஒரு மூலையில் பூவைப் பிடித்திருக்கும் ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அழிந்துபோன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துக் குழந்தையும் அதைப் பார்த்து விரலை ஆட்டியது. முழுப் படமாக இருந்திருந்தால் ஒரு செல்ஃபியோடு வெளியே வந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. மாமாக்கள் எல்லா இடத்திலும் தத்துவம் பேசினால் மருமகன்கள் அடுத்த லீவுக்கு வரமாட்டார்கள்.

இலுப்பூரில் டீ. விராலிமலையில் முருகனுக்கு ஒரு கும்பிடு. இந்த முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு என்று சொன்னதும், "செம கேரக்டர் மாமா!" என்றான். மலையில் ஒரு மயில் கத்தியது. பின்சீட்டில் உட்கார்ந்து என் இடுப்பும் கத்தியது.

*

அங்கிருந்து திருச்சி - மதுரை நான்கு வழிச்சாலையில் கொஞ்ச தூரம். பிறகு உள்ளே தள்ளினால் கொடும்பாளூர். சத்தமில்லாத ஊர். மூவர் கோயில் இருக்கும் இடத்தில் தொல்லியல் துறை புல்வெளி போட்டு வைத்திருக்கிறது.

பெயர்தான் மூவர் கோயில். நிற்பவை இரண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற தன் இரண்டு மனைவியர் பெயரிலும் மூன்று விமானங்களைக் கட்டினார் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. நடுவில் ஒன்றும் தெற்கே ஒன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கின்றன. வடக்கே இருந்த மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம்.

இந்த வேளிர் குலத்துப் பெண்ணாகத்தான் வானதியைப் படைத்தார் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. மணியம் படம் போட்டார். வாரம் முழுவதற்கும் சேர்த்து ஓரிரு படங்கள். மீதியை வாசகர்களே வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்த பைண்டு வால்யூம்கள் இருந்தன. ராத்திரி அம்மா சத்தமாகப் படிப்பாள். நாங்கள் படுத்துக்கொண்டு கேட்போம். என்னுடைய வானதிக்கு எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு அக்காவின் ஜாடை. அந்த அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவர் அண்ணன் என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார். நாற்பது வருஷம் என் தலைக்குள் அந்த வானதி பயந்தாள், மயங்கி விழுந்தாள், சபதம் போட்டாள்.

2022ல் மணிரத்னம் படம் வந்தது. அடுத்த வருஷம் இரண்டாம் பாகம். வானதியாக சோபிதா துலிபாலா. குறை சொல்ல ஒன்றுமில்லை. அழகாகத்தான் செய்தார். நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து பழைய வால்யூமை எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் வீட்டு அக்கா வரவில்லை. எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. சோபிதாதான் வந்து நிற்கிறார்!

"போன ஆள் திரும்பவே இல்லைடா மாப்ளே" என்றேன், புல்வெளியில் உட்கார்ந்தபடி.

"இதுக்குப் போய் ஃபீல் பண்றீங்களே மாமா! சேவ் பண்ணி வெச்சிருக்கலாம்ல?"

இது புதிய நோயுமல்ல. எங்கள் தாத்தாவுக்குக் கோவலன் என்றால் பி.யு. சின்னப்பாதான். 1942ல் வந்த 'கண்ணகி'யில் கோவலனாக நடித்தவர். பி.யு. என்பதில் உள்ள 'பி' நம் புதுக்கோட்டைதான். சித்தப்பாவுக்குக் கோவலன், 1964ல் வந்த 'பூம்புகார்' எஸ்.எஸ். ராஜேந்திரன். தலைமுறைக்கு ஒரு முகம். இளங்கோவடிகள் மட்டும் கோவலன் மூக்கு எப்படி இருந்தது என்று யாரிடமும் சொல்லாமல் தப்பித்துக்கொண்டார்.

"சரி, கேம் எங்கே?" என்றான் பையன்.

"நீ உட்கார்ந்திருக்கிற ஊர்தான் கேம்" என்று பையிலிருந்து சிலப்பதிகாரத்தை எடுத்தேன்.

*

காடுகாண் காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரை விட்டு மதுரைக்கு நடக்கிறார்கள். எதிரே மாங்காட்டு ஊர் மறையவன் ஒருவன் வருகிறான். மதுரைக்கு நல்ல வழி எது என்று கோவலன் கேட்கிறான். மறையவன் சொல்கிறான்: கொடும்பை என்ற ஊரின் பெரிய குளக்கரைக்குப் போனால் அங்கே பாதை சிவன் கைச் சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும். அந்தக் கொடும்பைதான் இந்தக் கொடும்பாளூர் என்பது அறிஞர்கள் கருத்து.

வலது வழி: காய்ந்த மரங்கள், எயினர் குடியிருப்பு, பிறகு வாழையும் பலாவும் செழித்த சிறுமலை.

இடது வழி: திருமால் குன்றம். அங்கே ஒரு குகை. குகைக்குள் மூன்று பொய்கை. முதலாவதில் குளித்தால் இந்திரனுடைய இலக்கண நூல் மனப்பாடம். இரண்டாவதில் குளித்தால் முற்பிறவி தெரியும். மூன்றாவதில் குளித்தால் நினைத்தது கிடைக்கும். ஆனால் சும்மா நுழைய முடியாது. மலையை மும்முறை வலம் வந்தால் ஒரு தெய்வப்பெண் தோன்றிக் கேள்வி கேட்பாள். இந்தப் பிறவிக்கு இன்பம் எது, மறுபிறவிக்கு இன்பம் எது, இரண்டுமில்லாமல் எப்போதும் நிலைத்திருப்பது எது? பதில் சொன்னால் கதவு திறக்கும். உள்ளே போனால் இன்னொரு கதவு, இன்னொரு பெண், இன்னொரு கேள்வி...

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தப்பா சொன்னா?"

"பதில் சொல்லாவிட்டாலும் கெடுதல் செய்யமாட்டேன், நீங்கள் போகவேண்டிய பெருவழியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாள்."

"அட! கேம் ஓவர் கிடையாதா! நடு வழி?"

நடு வழி சுலபம். சோலைகள், நடுநடுவே ஊர்கள். ஆனால் ஒரு வனதேவதை உண்டு. பயமுறுத்தாது. பிரியமாக வந்து வழி மறிக்கும். அதற்குத் தப்பினால் மதுரை.

"கோவலன் எதை எடுத்தான்?"

"நடு வழி. தண்ணீர் குடிக்க ஒரு பொய்கைக்குத் தனியாகப் போனான். மாதவியின் தோழி வசந்தமாலை உருவத்தில் தேவதை வந்து காலில் விழுந்து அழுதது. மறையவன் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. கொற்றவை மந்திரத்தைச் சொன்னான். தேவதை உண்மையை ஒப்புக்கொண்டு, இதை அந்த இரண்டு பெண்களிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டு போய்விட்டது. கோவலன் தாமரை இலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கண்ணகியிடம் போனான்."

"அப்போ அந்தக் குகைக்குள்ள யார் போனது?"

"யாரும் போகவில்லை. பொய்கை எங்களுக்கு வேண்டாம் என்று கவுந்தியடிகள் மறையவனிடமே சொல்லிவிட்டார்."

பையன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "யாருமே போகாத குகைக்கு ரெண்டு கதவு, மூணு குளமா?"

அவன் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சினிமாக்காரர் யாரிடமாவது போய், 'இந்தக் குகைக்கு செட் போடுங்கள், ஹீரோ உள்ளே போகமாட்டார்' என்று சொல்லிப் பாருங்கள்! தயாரிப்பாளர் நம்மைக் குகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். எழுத்தில் மட்டும், போகிற வழிக்கும் போகாத வழிக்கும் ஒரே செலவு. பத்து வரி ஓலை.

பையன் சொன்னான், கேம் உலகத்திலும் இதே தகராறுதானாம். 1974ல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒன்று வந்தது. (நம் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததும் அதே 1974தான்!) அதில் திரையே கிடையாது. மேஜையைச் சுற்றி நாலு பேர். ஒருவர் வாயால் சொல்வார்: 'எதிரே குகை. இரண்டு கதவு. என்ன செய்கிறீர்கள்?' மற்றவர்கள் பதில் சொல்லிக் கதையை நகர்த்துவார்கள்.

"மாங்காட்டு மறையவன்!" என்றேன்.

"அவரேதான் மாமா!"

கம்ப்யூட்டருக்கு வந்தபோதும் முதலில் எழுத்துதான். வில் க்ரௌதர் என்பவர் குகைகளுக்குள் போய் வருவதில் ஆர்வமுள்ளவர். கென்டக்கியில் தான் பார்த்த குகையை வைத்து 1976 வாக்கில் தன் பெண்களுக்காக ஒரு ஆட்டம் எழுதினார். ஒரு படம் கிடையாது. வார்த்தை மட்டும். பிறகு படம் வந்தது, குரல் வந்தது. குரல் வந்ததும் ஒரு சங்கடமும் வந்ததாம். 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையின் பத்தாவது ஆட்டத்தில், 2001ல், பாத்திரங்கள் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் ஹீரோவுக்கு ஆடுகிறவரே பெயர் வைக்கலாம். எத்தனை பெயரைத்தான் ரெக்கார்ட் செய்வது? அதனால் ஆட்டம் முழுக்கக் காதலி அவன் பெயரைச் சொல்வதே இல்லையாம்.

"உங்க அத்தை என்னை 'ஏங்க'ன்னு கூப்பிடுற மாதிரி" என்றேன். "அவளுக்கும் ரெக்கார்டிங் பிரச்னை என்று இப்போதுதான் தெரிகிறது."

நடிகர் பேச வேண்டும், உடலசைவைப் படம்பிடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பதிலுக்கும் பணம். பணம் ஏற ஏற வழிகள் குறையும். பால்டர்ஸ் கேட் மாதிரி அவ்வளவும் செலவு செய்து அவ்வளவு வழிகளும் வைப்பது அபூர்வம் என்றான். தூரத்தில் நான்கு வழிச்சாலையில் லாரிகள் பறந்துகொண்டிருந்தன. பெயரில் நான்கு வழி. போகிற இடம் என்னவோ ஒன்றுதான்!

"ஆனா மாமா, படமே வேண்டாம்னு சொல்லாதீங்க" என்றான். "அந்தப் பொண்ணு முகம் வாடுறது எழுத்துல எனக்கு வராது. நான் அவ்வளவு படிக்கிற ஆளில்ல."

நியாயம்தான். சித்தன்னவாசல் குளத்தை வரைந்தவனும் படம் காட்டியவன்தானே? மணியம் இல்லாமல் எங்கள் வீட்டு வால்யூம் ஏது?

பிறகு அவனே தயங்கிச் சொன்னான்: "ஒண்ணு சொல்லணும் மாமா. அந்த வரிசையில ஏழாவது ஆட்டம், 1997ல வந்தது. ஆளெல்லாம் தீப்பெட்டி அடுக்கின மாதிரி இருப்பாங்க. குரலே கிடையாது. பெட்டிக்குள்ள எழுத்து வரும். அதைத் தேடிப் பிடிச்சு ஆடினேன். அதுல ஒரு பொண்ணு செத்துப் போயிடுவா. எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. 2020லேர்ந்து அதே கதையைப் புதுசா எடுத்துக்கிட்டு வர்றாங்க. ஒவ்வொரு முடியும் அசையுது. நல்ல குரல். ரொம்ப நல்லாருக்கு. ஆனா..."

"ஆனா?"

"பழசுல அவ என் மனசுல இருந்த குரல்ல பேசினா. புதுசுல வேற யாரோ பேசறாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு மூன்றாம் வீட்டு அக்கா இருந்திருக்கிறாள்.

எழுந்து வடக்குப் பக்கம் போனோம். மூன்றாவது கோயிலின் அடித்தளத்தைப் பார்த்தபடி பையன் வெகுநேரம் நின்றான். போனை எடுத்து வீடியோ பிடித்தான். போனில் வெறும் கல்மேடைதான் விழுந்திருக்கும். அவன் கண் அதற்கு மேலே இருந்தது.

*

வீடு திரும்ப இருட்டிவிட்டது. அம்மா திண்ணையிலேயே இருந்தாள்.

"அம்மாச்சி, வீடியோ எடுத்துட்டு வந்திருக்கேன்!" என்று உற்சாகமாகப் போனை நீட்டியவன், பாதியில் நிறுத்தினான். கை அப்படியே நின்றது.

"எனக்கு எதுக்குடா அது? நீ சொல்லு" என்றாள் அம்மா.

பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். திணறினான். "கோயில் இருக்கு அம்மாச்சி... ரெண்டு... நல்லா இருக்கு..."

"கல்லு என்ன நிறம்?"

யோசித்தான். "சாயங்கால வெயில்ல... பொரிச்ச முறுக்கு நிறம்."

அம்மா சிரித்தாள். "தெரியுது. மூணாவது?"

"அடித்தளம் மட்டும்தான் இருக்கு. மேலே ஒண்ணுமில்ல."

"நடுவுல இருக்கிறதைவிடக் கொஞ்சம் குட்டையா இருந்திருக்குமோ?"

"குட்டையாவே வெச்சுக்கலாம் அம்மாச்சி. உங்க இஷ்டம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்திருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ஆனாலும் மூடிக்கொண்டாள். ராத்திரி வால்யூம் படித்துக் காட்டியபோது நாங்கள் மூடிக்கொண்ட மாதிரி.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், லேப்டாப் மூடிக் கிடக்கிறது. திண்ணையில் பையன் குரல் கேட்கிறது.

"இப்ப நீங்க குளக்கரைக்கு வந்துட்டீங்க அம்மாச்சி. மூணு வழி பிரியுது. எந்தப் பக்கம் போறீங்க?"

"நீங்கள்லாம் நடுவால போனா நான் எதுக்கு நடுவால வரணும்? நான் இடது பக்கம் போறேன்."

"சரி. மலையை மூணு சுத்து சுத்தியாச்சு. ஒரு பொண்ணு வந்து நிக்கறா. இந்த ஜென்மத்துக்கு இன்பம் எது, அடுத்த ஜென்மத்துக்கு இன்பம் எது, எப்பவும் மாறாம நிக்கறது எதுன்னு கேக்கறா. என்ன பதில் சொல்றீங்க?"

விடையை மறையவன் சொல்லியிருக்கவில்லை. நானும் வாசற்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

அம்மா நிதானமாக வெற்றிலைப் பெட்டியைத் தடவி எடுத்தாள்.

"அவளை அப்படிக் கொஞ்சம் உட்காரச் சொல்லு. ஒரு வாய் போட்டுக்கிட்டுச் சொல்றேன்" என்றாள்.